சேர்வியலாளரின் ஆய்வு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காம்பினட்டோரிக்ஸ் என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் சேர்வியலை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொள்ள எண்ணும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், வேறு துறைகளில் பணியாற்றும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊதியமும் பணி நியமன விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அவற்றை விட்டுவிட்டு, எங்கிருந்து படித்தாலும் பொருந்தக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சேர்வியலாளர் எதை ஆராய்கிறார்?

ஒரு விருந்தில் ஆறு பேர் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குள் ஒருவரையொருவர் முன்பே அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறவே அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள்; ஐந்து பேர் மட்டும் கூடினால் இந்த உறுதியைத் தர முடியாது. மூவருக்குப் பதிலாக நால்வர் வேண்டுமென்றால் விருந்துக்குக் குறைந்தது 18 பேர் வர வேண்டும் என்பது 1955இல் நிறுவப்பட்டது. ஐவர் வேண்டுமென்றால் எத்தனை பேர் வர வேண்டும் என்ற கேள்விக்கு, விடை 43, 44, 45, 46 ஆகிய நான்கு எண்களுள் ஒன்று என்பதுவரைதான் இன்று தெரியும். 43 பேரிடையே 903 இணைகள் உண்டு; ஒவ்வோர் இணையும் அறிந்தவர்களாகவோ அறியாதவர்களாகவோ இருக்கலாம் என்பதால், சோதிக்க வேண்டிய அமைப்புகளின் எண்ணிக்கை 2இன் 903ஆம் அடுக்காகிறது. எவ்வளவு வேகமான கணினியைக் கொண்டுவந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கக்கூடிய எண்ணிக்கை அன்று இது. 1930இல் தம் 26ஆம் வயதில் மறைந்த ஃபிராங்க் ராம்சே, தருக்கவியல் சிக்கல் ஒன்றுக்கு விடை தேடும்போது வழியில் நிறுவிய ஒரு தேற்றத்திலிருந்து வளர்ந்த கிளை இது. அவர் பெயராலேயே ராம்சே கோட்பாடு என்று வழங்குகிறது.

இப்படி, தனித்தனியாக எண்ணத்தக்க பொருள்களைக் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு எத்தனை விதமாக அடுக்கலாம், அப்படி ஓர் அடுக்கு இருக்கவே முடியுமா, இருந்தால் அது எவ்வளவு பெரியதாகவோ சிறியதாகவோ அமையும் என்ற மூன்று வகைக் கேள்விகளைச் சுற்றியே சேர்வியலாளரின் வேலை நடக்கிறது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல் இதன் மிகப் பெரிய கிளை. 1736இல் ஆய்லர் எழுதிய கோனிக்ஸ்பர்க் பாலங்களைப் பற்றிய கட்டுரையை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம்.

பள்ளியில் படித்த வரிசைமாற்றமும் சேர்மானமும்தானே இது?

அவை இதன் நெடுங்கணக்கு. ஐங்கோணம் ஒன்றை அதன் மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிப்பதற்கு ஐந்து வழிகள் உண்டு. மூன்று இணை அடைப்புக்குறிகளைப் பிழையின்றி வரிசைப்படுத்துவதற்கும் ஐந்து வழிகள்தாம் உண்டு. அறுகோணத்துக்கும் நான்கு இணைகளுக்கும் இரண்டிலும் 14 வருகிறது, அடுத்து 42 வருகிறது. கேட்டலன் எண்கள் எனப்படும் இந்த வரிசை எண்ணுகிற பொருள்களாக ரிச்சர்ட் ஸ்டான்லி 2015இல் 214 வகைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒரே எண் எதற்காக இத்தனை இடங்களில் தலைகாட்டுகிறது என்று கேட்டு, ஒரு கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொரு கூட்டத்தின் உறுப்போடு நேருக்கு நேர் பொருத்திக் காட்ட முயலும்போது பள்ளிப் பாடம் முடிந்து ஆய்வு தொடங்குகிறது.

கணித ஒலிம்பியாட்டில் பதக்கம் பெறாதவர்கள் இத்துறைக்கு வரலாமா?

வரலாம். போட்டிகளில் வென்றவர்கள் இத்துறையில் நிறையப் பேர் இருப்பது உண்மை. போட்டிக் கணக்குகளில் கணிசமான பகுதி சேர்வியல் சார்ந்தது என்பதால் அது இயல்பும்கூட. ஆனால் போட்டிக் கணக்குக்கு விடை உண்டு என்பது முன்கூட்டியே தெரியும், அதை நான்கைந்து மணி நேரத்துக்குள் எட்ட முடியும் என்பதும் தெரியும். ஆய்வில் இந்த இரண்டு வசதிகளும் இல்லை.

எண்ட்ரே செமெரேடி மருத்துவப் படிப்பில் சேர்ந்து, அதை விட்டு விலகி, தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பிறகே கணிதத்துக்கு வந்தார். எண்களின் தொகுப்பு ஒன்று போதிய அடர்த்தியோடு இருந்தால் அதற்குள் எவ்வளவு நீளமான கூட்டுத்தொடரையும் காணலாம் என்று 1975இல் அவர் நிறுவிய தேற்றம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2012இல் அவருக்குக் கணிதத்தின் மிக உயரிய பரிசுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு வழங்கப்பட்டது. 2022இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஜூன் ஹு உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவர், கவிஞராக விரும்பியவர். இளநிலைப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் ஹெய்சுகே ஹிரோனாகாவின் வகுப்பில் அமர்ந்த பிறகே அவர் பாதை மாறியது. ஜின்யோங் பார்க் முனைவர் பட்டத்துக்குச் சேர்வதற்கு முன் பள்ளியில் கணித ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இவர்கள் விதிவிலக்கான திறமையாளர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாமதமாக வருவது தடையாகாது என்பதற்கு மட்டுமே இவர்களைச் சொல்கிறேன்.

பட்டப் படிப்பில் எந்தப் பாடங்களில் கவனம் செலுத்த வேண்டும்?

சேர்வியலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் என்று பாதி விளையாட்டாகச் சொல்வது என் வழக்கம். சேர்வியலுக்குள் நுழைய முன்னறிவு அதிகம் வேண்டியதில்லை என்பதால் மாணவர்கள் நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் நெடுநாள் நின்ற சிக்கல்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கருவிகளாலேயே உடைந்திருக்கின்றன. 1955இல் முன்வைக்கப்பட்ட நேசர் ஊகத்தை 1978இல் லாஸ்லோ லோவாஸ், டோபாலஜி எனப்படும் இடத்தியலின் துணையால் நிறுவினார். கோட்டுருக்களை வண்ணமிடும் வழிகளை எண்ணும் பல்லுறுப்புக் கோவைகளைப் பற்றி 1968 முதல் விடையின்றி இருந்த ஓர் ஊகத்தை ஜூன் ஹு, முனைவர் பட்ட மாணவராக இருந்தபோதே, இயற்கணித வடிவவியலைக் கொண்டு தீர்த்தார். 2019இல் ஹாவ் ஹுவாங் ஏறத்தாழ 30 ஆண்டுப் பழமை வாய்ந்த உணர்திறன் ஊகத்தைத் தீர்த்த கட்டுரை ஆறே பக்கங்கள் கொண்டது; அதன் உயிர்நாடி, முதுநிலை மாணவர் எவரும் பின்தொடரக்கூடிய ஓர் அணியின் ஐகன் மதிப்புகள். அதைப் படித்த நாளில் எங்களுள் பலர், இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டோம்.

ஆகவே நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, குலங்களும் புலங்களும் அடங்கிய இயற்கணிதம், ஓரளவு இடத்தியல் ஆகியவற்றை ஊன்றிப் படிப்பதோடு, ஏதேனும் ஒரு நிரல் மொழியில் சிறிய சோதனைகளைத் தாமே எழுதிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

ஆய்வு நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நெறியாளரின் முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், தாமாகவே கட்டுரை எழுதும் நிலைக்கு வந்தார்களா என்பவற்றை அவர்களிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டும் கிடைக்கும் புகழ்பெற்ற பேராசிரியரைவிட, வாரந்தோறும் ஒரு மணி நேரம் கரும்பலகை முன் நிற்கும் இளம் ஆசிரியர் முதல் இரண்டு ஆண்டுகளில் கூடுதலாகப் பயன்படுவார் என்பது என் கணிப்பு.

நல்ல நெறியாளர் செய்வது பெரும்பாலும் சரியான நேரத்தில் சரியான நூலைக் கையில் கொடுப்பதுதான். ஹெர்பர்ட் வில்ஃப், ராம்சே கோட்பாடு பற்றிய ஓர் அத்தியாயத்தைப் படித்துவருமாறு தம் மாணவி ஃபேன் சங்கிடம் கொடுத்தார். ஒரு வாரத்தில் அவர் அதிலிருந்த நிறுவல் ஒன்றை மேம்படுத்திக்கொண்டு திரும்பி வந்தார், அதுவே 1974இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டின் முதுகெலும்பாயிற்று. இடையில் ஒரு வேடிக்கை: செமெரேடி மாஸ்கோவில் கெல்ஃபோண்ட் என்பவரிடம் சேர விரும்பியதாகவும், பெயரில் நேர்ந்த எழுத்துப் பிழையால் கெல்ஃபாண்ட் என்ற மற்றொரு பெரும் கணிதரிடம் போய்ச் சேர்ந்ததாகவும் சொல்லப்படுவதுண்டு. அவருக்கு அது கெடுதலாக முடியவில்லை. மற்றவர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை.

முனைவர் பட்டத்துக்கான சிக்கலை எப்படித் தெரிவு செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சேர்வியலில் ஒரு சிக்கலைச் சொல்வதற்கு ஆகும் நேரத்துக்கும் அதைத் தீர்ப்பதற்கு ஆகும் நேரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மற்ற பல துறைகளில் திறந்த சிக்கலைப் புரிந்துகொள்வதற்கே இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அந்த இரண்டு ஆண்டுகளே அதன் கடினத்தை மாணவருக்கு உணர்த்திவிடும். இங்கே அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. மாலையில் கேள்விப்பட்ட சிக்கலில் இரவே இறங்கிவிடலாம், பத்து ஆண்டுகள் கழித்தும் இறங்கிய படியிலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

மேலே சொன்ன விருந்துக் கணக்கையே பாருங்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லது அறியாதவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருப்பதை உறுதி செய்ய, அந்த எண்ணிக்கையை அடுக்காகக் கொண்ட 4இன் மதிப்பளவுக்கு ஆட்கள் போதும் என்று 1935இல் எர்டோஷும் செக்கரஷும் காட்டினார்கள். 2இன் வர்க்கமூலத்தை அடியாகக் கொண்ட அளவுக்காவது ஆட்கள் தேவை என்று 1947இல் எர்டோஷ், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போன்ற ஒரு நிகழ்தகவு வாதத்தால், ஒரு பக்கத்தில் அடங்கும்படி நிறுவினார். அந்த 4 என்ற அடியைச் சற்றேனும் குறைக்க முடியும் என்பது 2023இல்தான் நிறுவப்பட்டது. 88 ஆண்டுகளாக இந்த இடைவெளியை நோக்கித் தலைமுறை தலைமுறையாகத் திறமையாளர்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய சிக்கலை ஒரு மாணவர் தம் ஆய்வேட்டின் ஒரே நம்பிக்கையாக வைத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அதன் அண்டை வீடுகளில் குடியேறுவதே அறிவுடைமை: அதே கேள்வியை ஒரு சிறப்பு வகைக் கோட்டுருக்களுக்கு மட்டும் கேட்பது, நிபந்தனை ஒன்றைத் தளர்த்திப் பார்ப்பது, வேறொரு சிக்கலில் வென்ற கருவியை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பது என்று தொடங்கலாம். அப்படிச் செய்பவர்களுக்கே பெரிய சிக்கல்களும் சில நேரங்களில் வழிவிடுகின்றன. 2006இல் கானும் கலாயும் முன்வைத்த, சமவாய்ப்புக் கோட்டுருக்களில் ஒரு பண்பு தோன்றும் வாசல் எங்கே இருக்கிறது என்பது பற்றிய ஊகத்தை, 2022இல் ஜின்யோங் பார்க்கும் ஹுய் துவான் ஃபாமும் சில பக்கங்களிலேயே நிறுவினார்கள். செய்தியைக் கேட்டவர்கள் அதை மின்னல் என்று வியந்தார்கள். ஆனால் 2019இல் வேறு நால்வர் சூரியகாந்தி ஊகம் என்ற தொடர்பற்றதாகத் தோன்றிய சிக்கலில் ஒரு புதிய வழியைத் திறந்திருந்தார்கள். அந்த வழியைப் பற்றிக்கொண்டு கான்–கலாய் ஊகத்தின் எளிய வடிவம் ஒன்றை நிறுவிய குழுவில், அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த பார்க்கும் இருந்தார். அவருடைய நெறியாளர் கானேதான். அண்டை வீட்டில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தவருக்குக் கதவு திறந்தது என்று சொல்வதே பொருத்தம்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்?

காலையில் ஒரு சிறிய நேர்வைக் கையால் கணக்கிடுவது, அதைவிடச் சற்றுப் பெரியதைக் கணினியில் ஓட்டுவது, கிடைத்த எண்களை ஏற்கெனவே யாராவது கண்டிருக்கிறார்களா என்று தேடுவது, பிற்பகலில் வகுப்பு எடுப்பது, மாலையில் வேறொருவர் எழுதிய கட்டுரையை ஆய்விதழுக்காக மதிப்பிடுவது என்று நாள் கழியும். தேடுவதற்கு எங்களுக்கு வாய்த்த பெரும் கொடை, முழு எண் வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம். நீல் ஸ்லோன் 1964இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் எழுதிச் சேர்க்கத் தொடங்கி, 1996இல் இணையத்துக்குக் கொண்டுவந்தது. 1, 2, 5, 14 என்று உள்ளிட்டால் அது எந்த வரிசை, யார் எங்கே ஆராய்ந்தார்கள் என்பதைக் காட்டிவிடும். கற்பித்தலும் மதிப்பிடுதலும் ஆய்வு நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்ற புலம்பல் எங்கும் கேட்கிறது. வகுப்பில் ஒரு மாணவி கேட்ட எளிய ஐயத்திலிருந்து எனக்கு ஒரு கட்டுரையே கிடைத்திருப்பதால் நான் அதில் கலந்துகொள்வதில்லை.

கணினி இந்த வேலையைப் பறித்துவிடுமா?

கணினியோடு இத்துறைக்குள்ள உறவு அரை நூற்றாண்டுப் பழமையுடையது. எந்த நிலப்படத்தையும் நான்கு வண்ணங்களால் தீட்டலாம் என்ற, 1852இல் எழுந்த ஊகத்தை 1976இல் ஏப்பலும் ஹாக்கனும் கணினியின் துணையோடு நிறுவியபோது, மனிதர் எவரும் முழுமையாகப் படித்துச் சரிபார்க்க இயலாத ஒன்றை நிறுவல் என்று ஏற்கலாமா என்ற சச்சரவு மூண்டது. 2005இல் ஜார்ஜ் கோந்தியே அந்த நிறுவல் முழுவதையும் தருக்க விதிகளின்படி சரிபார்க்கும் மென்பொருளில் எழுதி முடித்த பிறகு அந்தச் சச்சரவு பெரும்பாலும் அடங்கியது. 2016இல் மூவர், 1 முதல் 7824 வரையிலான எண்களை இரு வண்ணங்களாகப் பிரித்து 3, 4, 5 போன்ற எந்தப் பித்தாகரசு மும்மையும் ஒரே வண்ணத்தில் அமையாதபடி செய்யலாம், 7825ஐச் சேர்த்தால் செய்ய முடியாது என்று நிறுவினார்கள். அந்த நிறுவலின் கோப்பு ஏறத்தாழ 200 டெராபைட். 2023இல் கவர்ஸ், கிரீன், மேனர்ஸ், டாவ் ஆகிய நால்வர் கூட்டல் சேர்வியலின் முதன்மையான ஊகம் ஒன்றை நிறுவியதும், ஒரு குழு ஏறத்தாழ மூன்று வாரங்களில் அதை லீன் என்ற மென்பொருளில் முழுமையாகச் சரிபார்த்துவிட்டது. அதே ஆண்டில் மொழி மாதிரி ஒன்று எழுதிய நிரல்கள், ஒவ்வோர் அச்சிலும் மூன்றே மதிப்புகள் கொண்ட எட்டுப் பரிமாணக் கட்டத்தில், ஒரே கோட்டில் மூன்று அமையாத புள்ளிகளின் தொகுப்பை 496இலிருந்து 512க்கு உயர்த்தின.

எடுத்துக்காட்டுகளைத் தேடுவதிலும் எழுதியதைச் சரிபார்ப்பதிலும் இக்கருவிகள் நிலைத்துவிட்டன. இன்று தொடங்கும் மாணவர், நிறுவல் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றையாவது கற்றுக்கொள்ளாமல் பட்டம் பெறுவதை நான் விரும்பமாட்டேன். வேலை போய்விடும் என்பவர்களிடம், 512 கிடைத்த பிறகும் அது ஏன் 512 என்று விளக்கும் வேலை மீதமிருப்பதைச் சுட்டிக்காட்டுவேன்.

கூட்டாக எழுதினால் பெயர் குறைந்துவிடாதா?

குறையாது. கணிதத்தில் கட்டுரையாளர்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதே மரபு. முதல் பெயர், இறுதிப் பெயர் என்ற உயர்வு தாழ்வு இங்கே இல்லை. வேறு அறிவியல் துறையினர் இருக்கும் தேர்வுக் குழுவிடம் இதைச் சொல்லி விளக்க வேண்டிய நிலை வரலாம், விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. பால் எர்டோஷ் ஏறத்தாழ 1,500 கட்டுரைகளை 500க்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து எழுதினார். நிலையான பணி எதிலும் தங்காமல் கைப்பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றிய அவர் வாழ்க்கையை ஒருவரும் பின்பற்ற முடியாது என்றாலும், அவர் விட்டுச்சென்ற கூடிப் பேசும் வழக்கம் துறையின் இயல்பாகவே ஆகிவிட்டது. 2009இல் திமோதி கவர்ஸ் ஒரு சிக்கலை இணையத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் சேர்ந்து சிந்திக்கலாம் என்று அழைத்தார். அதன் விளைவான கட்டுரை பாலிமேத் என்ற கூட்டுப் புனைபெயரில் வெளியாயிற்று. இருப்பினும், பணிக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் நெறியாளர் பெயர் இல்லாத ஒரு கட்டுரையாவது கையில் இருக்க வேண்டும்.

கட்டுரைகளை எங்கே வெளியிடுவது?

கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைக்கும் ஆர்க்சைவ் என்ற இணையதளத்தில் முதலில் இடுவதே நடைமுறை. முந்தியவர் யார் என்பது அந்தத் தேதியாலேயே முடிவாகிறது. பிறகு ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்கு மேல்கூடக் காத்திருக்க நேரும். பட்டம் முடியும் தறுவாயில் இருப்பவர்கள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொண்டு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். 1966இல் தோன்றிய சேர்வியல் கோட்பாட்டு இதழ் நெடுங்காலம் துறையின் முதன்மை இதழாகக் கருதப்பட்டது. அதன் முதல் வரிசையின் ஆசிரியர் குழுவில் பெரும்பாலோர் 2020இல் விலகுவதாக அறிவித்து, படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் வாங்காத புதிய இதழைத் தொடங்கினார்கள். அத்தகைய இதழ் நீடிக்கும் என்பதற்கு 1994இல் வில்ஃபும் நீல் கால்கினும் தொடங்கிய மின்னிதழே சான்று. கட்டணம் செலுத்தினால் இரண்டே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே நீக்கிவிடலாம்.

வெளியான நிறுவலில் பிழை தென்பட்டால்?

உடனே சொல்லிவிட வேண்டும். நான்கு வண்ண ஊகத்துக்கு 1879இல் கெம்பே தந்த நிறுவலை உலகம் 11 ஆண்டுகள் நம்பியது. 1890இல் ஹீவுட் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார், ஆனால் அதே வாதத்தைக் கொண்டு ஐந்து வண்ணங்கள் போதும் என்று நிறுவியும் காட்டினார். கெம்பேயின் கருத்து, 1976ஆம் ஆண்டு நிறுவல்வரை உயிரோடு இருந்தது. நம் காலத்தில், இரு கோட்டுருக்கள் ஒரே அமைப்புடையவையா என்று விரைவாகக் கண்டறிவது பற்றி லாஸ்லோ பாபாய் 2015இல் அறிவித்த முடிவில் 2017 ஜனவரியில் ஹெல்ஃப்காட் ஒரு பிழையைக் கண்டார். பாபாய் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சில நாள்களிலேயே சரிசெய்தார். அவர் மதிப்பு சிறிதும் குறையவில்லை.

நான் எழுதிக்கொண்டிருப்பதை வேறொருவர் முந்தி வெளியிட்டுவிட்டால்?

வயிற்றைக் கலக்கும், ஆனால் அடிக்கடி நடக்கும். 2016 மே மாதத்தில் குரூட், லெவ், பாக் ஆகியோரின் புதிய வழிமுறை வெளியான சில நாள்களுக்குள், எலன்பர்க்கும் கைஸ்வைட்டும் தனித்தனியாக அதை மேலே சொன்ன ஒரே கோட்டில் மூன்று அமையாத புள்ளிகளின் சிக்கலுக்குப் பொருத்தி ஒரே விடையை எட்டினார்கள். இருவரும் இணைந்து ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். உங்கள் வழி வேறானால் தனியாக வெளியிடுங்கள், அதே வழியானால் மற்றவருக்கு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் பெருந்தன்மையோடு நடந்துகொள்வார்கள் என்பது என் பட்டறிவு.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு என்ன?

ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீளும் போஸ்ட்டாக் எனப்படும் தற்காலிக ஆய்வுப் பணிகள் ஒன்றோ இரண்டோ, சில நேரம் மூன்றோ. அதன் பிறகே உதவிப் பேராசிரியர் பணி. நிரந்தர இடங்களைவிட அவற்றுக்குத் தகுதியானவர்கள் எங்கும் மிகுதி என்பதைச் சேரும்போதே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாத நெறியாளர்கள் மாணவருக்கு நல்லது செய்யவில்லை. குடும்பம் இருப்பவர்களுக்கு இந்த ஊர் மாறும் ஆண்டுகளே மிகக் கடினமானவை, நல்லவர்கள் பலர் துறையை விட்டு விலகுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

விண்ணப்பத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கையைவிடப் பரிந்துரைக் கடிதங்கள் எடை மிக்கவை. நெறியாளரைத் தவிர, வேறு நிறுவனத்தைச் சேர்ந்த, உங்கள் வேலையை உண்மையிலேயே படித்த இருவராவது எழுத வேண்டும். அதற்காகவே கருத்தரங்குகளுக்குப் போய்ப் பேச வேண்டும். தேர்வுக் குழுவில் சேர்வியலாளர் ஒருவர்கூட இல்லாமல் இருப்பது வழக்கமாக நடப்பது. என் இளமையில் ஒரு நேர்காணலில் ஆய்வுரையை முடித்ததும், குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர், இது நல்ல புதிர், கணிதம் எங்கே என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அவர் கேட்ட முறை தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சிக்கல் எதனோடு தொடர்புடையது, அதைத் தீர்த்தால் வேறு எது தெளிவாகும் என்பதை நான் ஒரு வரியும் சொல்லாமல் நேரே நிறுவலுக்குள் நுழைந்திருந்தேன். ஆய்வுரையின் முதல் பத்து நிமிடங்களை, பகுப்பாய்வு என்ற வேறொரு கணிதக் கிளையில் வல்லவர் ஒருவருக்காக எழுதுங்கள் என்று அதன் பிறகு என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

கணிதத் துறைகளோடு நின்றுவிடவும் வேண்டாம். கணினி அறிவியல் துறைகளின் கோட்பாட்டுக் குழுக்கள் சேர்வியலாளர்களை விரும்பி எடுத்துக்கொள்கின்றன. 2021இன் ஏபெல் பரிசை லோவாஸும் கணினி அறிவியலாளரான அவி விக்டர்சனும் பகிர்ந்துகொண்டது இந்த நெருக்கத்துக்குச் சான்று. பல்கலைக்கழகத்துக்கு வெளியே குறியீட்டாக்கம், மறையீட்டியல், வலையமைப்பு வடிவமைப்பு, கால அட்டவணைகளையும் வழித்தடங்களையும் வகுக்கும் உகப்பாக்கம் ஆகியவற்றில் இடம் உண்டு. ஃபேன் சங் முனைவர் பட்டத்துக்குப் பின் பல ஆண்டுகள் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டே பேராசிரியரானார்.

சேர்வியல் ஆழமற்ற துறை என்ற பேச்சில் உண்மை உண்டா?

ஒரு காலத்தில் அப்படிப் பேசியவர்கள் மிகுதி. தனித்தனித் தந்திரங்களின் மூட்டை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. 1964 முதல் ஜான்-கார்லோ ரோட்டா வெளியிட்ட கட்டுரைகள் அந்த மூட்டைக்குள் ஓர் ஒழுங்கைக் காட்டத் தொடங்கின. 1998இல் கவர்ஸுக்கும் 2022இல் ஜூன் ஹுவுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்த பிறகு அந்தப் பேச்சு வெளிப்படையாகக் கேட்பதில்லை. இதைவிட அதிகமாக இந்தக் கேள்விக்கு நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

நாற்பதைக் கடந்தால் கணிதரின் காலம் முடிந்துவிடுகிறதா?

ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு 40 வயது வரம்பு இருப்பதால் பரவிய எண்ணம் இது. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொரு குறியும் ஒரே முறை வரும் கட்டங்கள் லத்தீன் சதுரங்கள் எனப்படும். 1782இல் ஆய்லர், இரட்டையாகப் பொருந்தும் லத்தீன் சதுரங்கள் 6, 10, 14 என்று செல்லும் அளவுகளில் இருக்கவே முடியாது என்று ஊகித்தார். 1959இல் ராஜ் சந்திர போஸும் அவருடைய மாணவர் எஸ். எஸ். ஸ்ரீகண்டேயும் எர்னஸ்ட் பார்க்கரும் சேர்ந்து, 6ஐத் தவிர மற்ற அளவுகள் அனைத்திலும் அந்த ஊகம் பொய் என்று காட்டியபோது போஸ் அறுபது வயதை நெருங்கியிருந்தார். ஸ்ரீகண்டே அதன் பிறகும் 60 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 102 வயதில் மறைந்தார்.

தொழில்முறைக் கணிதர் அல்லாதவர் பங்களிக்க முடியுமா?

முடியும், மற்றக் கணிதப் பிரிவுகளைவிட இங்கே அது எளிது. ஓரலகு தொலைவில் உள்ள எந்த இரு புள்ளிகளும் ஒரே வண்ணம் பெறாதபடி தளத்தைத் தீட்டக் குறைந்தது எத்தனை வண்ணங்கள் வேண்டும் என்ற, 1950இல் எழுந்த கேள்விக்கு, நான்கு போதாது என்று 2018இல் காட்டியவர் ஆப்ரி டி கிரே. முதுமையைப் பற்றிய ஆய்வுக்காக அறியப்பட்டவர். அவர் அமைத்த கோட்டுருவில் 1,581 முனைகள் இருந்தன. விடை 5, 6, 7 ஆகியவற்றுள் ஒன்று என்ற அளவில் அந்தக் கேள்வி இப்போது நிற்கிறது.

உங்களிடம் அப்படி ஒரு நிறுவல் இருந்தால், அதை அனுப்புவதற்கு முன் மிகச் சிறிய மூன்று நேர்வுகளில் ஒவ்வொரு படியும் செல்லுகிறதா என்று எழுதிப் பாருங்கள். அந்தச் சிக்கலில் இதுவரை தெரிந்தவற்றைக் கூறும் கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். பிறகு, அதே சிக்கலில் அண்மையில் எழுதியிருக்கும் ஒருவருக்கு, புதிய கருத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு அனுப்புங்கள். ஐந்து பக்கங்களுக்குள் இருந்தால் படிப்போம்.